மூன்று பேரைக் கேள்

மதராஸில் இரண்டு வருடம் உளவியல் படித்து, அங்கேயே மனநோய் ஆஸ்பத்திரியில் பயிற்சியும் முடித்து, டிப்ளோமாவோடு கப்பலேறி வந்த கான்ஸ்டன்ஸுக்குக் கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் கிடைத்த வேலை, காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குவது. ஒன்றைக்கூட உடைக்காமல் கழுவுகிறாள் என்று மேட்ரன் போகிற வருகிற டாக்டர்களிடமெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தார்.

அவளுடைய டிப்ளோமாவைக் கோலாலம்பூரில் ஒரு குழு கூடிப் பார்த்தது. பார்த்துவிட்டு, லண்டனில் ஒப்புக்கொள்ளாத படிப்பை இங்கேயும் ஒப்புக்கொள்வதற்கில்லை என்று சொல்லிவிட்டது. மதராஸில் இருக்கிற மனசும் மலாயாவில் இருக்கிற மனசும் ஒரே ரகம்தான். அதைத் திறந்து பார்க்கிற அனுமதி மட்டும் கடல் தாண்டினால் செல்லாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டாமா? பூசாரி கடைசியில் ஒரு வழி சொன்னார். லண்டன் தகுதி பெற்ற ஒருவரின் கீழே ஒரு வருடம் வேலை செய்து, அவர் திருப்தியாகிக் கையெழுத்துப் போட்டால், மறுபடி யோசிக்கலாம்.

அப்படி ஒரு தகுதியோடு சிலாங்கூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்கக்கூடியவர் ஒருவர்தான், திரு. ஹியூபர்ட். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்த தமிழர். ஆனால் தமிழ் அவருக்குச் சமையல்காரரிடம் மீன்குழம்பு கேட்கிற அளவுக்குத்தான் வரும். மாதம் ஒருமுறை காரில் வந்து, போலீஸோ தோட்டத்துத் துரைமார்களோ அனுப்பி வைக்கிற ஆட்களைப் பரிசோதித்துவிட்டுப் போவார். கான்ஸ்டன்ஸைத் தன் கீழே எடுத்துக்கொண்டார் என்றால் மொழிபெயர்க்கத்தான் எடுத்துக்கொண்டார். அவர் கேட்பதை அவள் தமிழில் கேட்க வேண்டும். வருகிற பதிலை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். இருவரும் பேசிக்கொள்வது எப்போதும் இங்கிலீஷில்தான்.

“என் படிப்பில் என்ன குறை, சார்?”

“குறை ஒன்றும் இல்லை. நான் முதலில் கல்கத்தாவில் படித்தேன். அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய் லண்டனில் நீட்டினேன். சிரித்தார்கள். முதல் வருடத்திலிருந்து தொடங்கச் சொன்னார்கள். வார்டில் மலச்சட்டி கழுவினேன், தெரியுமா? நீ கண்ணாடிக் குழாய்தானே கழுவுகிறாய்?”

மாமியார் பட்டதை மருமகளும் படவேண்டும் என்கிற சட்டம் குடும்பத்தோடு நின்றுவிடுவதில்லை. அதற்காக அவரைக் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. நோயாளிமேல் கைநீட்டமாட்டார், குரல் உயர்த்தமாட்டார், தன் புத்தகத்தில் உள்ளதை ஒரு வரி விடாமல் செய்வார். அந்தப் புத்தகம் எழுதினவர்கள் ஆத்தங்கரைத் தோட்டத்தைப் பார்த்ததில்லை என்பது அவருடைய குற்றமா?

பத்தாவது மாதம், அந்த ஆத்தங்கரைத் தோட்டத்திலிருந்துதான் செல்லன் வந்து சேர்ந்தார்.

செல்லன் ரப்பர் மரத்தில் பால் எடுக்கிற பால்வெட்டுக்காரர். கான்ஸ்டன்ஸ் பிறந்து வளர்ந்ததும் அதே தோட்டத்தில்தான். அவளுடைய அப்பா சூசைமுத்து அங்கே டிரெஸ்ஸராக இருந்து, தோட்டத்து ஜனங்களுக்கு மருந்து கட்டியே ஓய்வு பெற்றவர். வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலச் சட்டம் போட்டதும், காட்டுக்குள் இருந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களையெல்லாம் பிரித்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி அடித்துவிட்டார்கள். அரிசியைக் கையில் கொடுப்பதில்லை. பொதுக் கொட்டகையில் வேகவைத்த சோறுதான். வேலைக்குப் போகும்போது கேட்டைத் தாண்டி ஒரு பருக்கைகூட வெளியே போகக் கூடாது. ஆட்கள் எல்லோரும் கம்பிக்கு உள்ளே வந்துவிட்டார்கள். பழைய லயத்துக்குப் பின்னால் இருந்த முனியாண்டி மட்டும் வெளியே நின்றுவிட்டார். பெயர்த்தெடுத்து வரலாம் என்றால் சாமி உத்தரவு கொடுக்கவில்லையாம்.

அந்த முனியாண்டிக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஓர் இலைச் சோறு வைப்பது தோட்டத்து வழக்கம். வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை உண்டு. கம்பி வந்த பிறகும் முறை நிற்கவில்லை. பால்வாளிக்கு அடியில் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். செல்லன் பிடிபட்ட வெள்ளிக்கிழமை உண்மையில், ஆட்களை மேய்க்கிற மண்டோர் நாராயணசாமி வீட்டு முறை. மண்டோருக்கு அன்று நல்ல காய்ச்சல். “நான் வெச்சுட்டு வரேண்ணே” என்று வாங்கிக்கொண்டு போனார் செல்லன். வைத்தோமா வந்தோமா என்று இருந்திருந்தால் ஒன்றும் இல்லை. செல்லனுக்குச் சாமியிடம் உட்கார்ந்து பேச வேண்டும், குறை சொல்ல வேண்டும், பதில் கேட்க வேண்டும். பேசி முடிப்பதற்குள் ஊரடங்கு நேரம் வந்துவிட்டது. ரோந்து வந்தவர்கள் கண்ணில் பட்டது, இலையில் சோறு, எதிரே தனியாகப் பேசிக்கொண்டிருக்கிற ஓர் ஆள்.

இதெல்லாம் கான்ஸ்டன்ஸுக்கு அப்பா மூலம் தெரியும். மருந்து கட்டின கை என்பதால், எந்த விஷயமானாலும் லயத்து ஆட்கள் சூசைமுத்துவிடம் வந்து கொட்டிவிடுவார்கள்.

இன்ஸ்பெக்டர் பொறுமையான மலாய்க்காரர். ஹியூபர்டிடம் விஷயத்தை நேராகச் சொன்னார். “சோறு சாமிக்குத்தான், சாமி சாப்பிடும் என்று இவர் நிஜமாகவே நம்பினால், புத்தி சரியில்லை என்று எழுதுங்கள். பேராக்கில் இருக்கிற பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். புத்தி சரியாக இருக்கிறது என்றால், சோறு காட்டில் இருக்கிறவர்களுக்குத்தான். இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவோம்.”

செல்லன் பிறந்தது ஆத்தங்கரையில். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

“தோட்டமே சேர்ந்து செய்கிற வழக்கம் இது என்றால்?” என்று கான்ஸ்டன்ஸ் குறுக்கே கேட்டாள். ஹியூபர்ட் திரும்பி முறைத்தார்.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். “தோட்டத்து ஆட்களே வந்து அப்படிச் சொன்னால் நம்புகிறேன். எச்சரித்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மற்றவர்கள் மேலும் கேஸ் போடமாட்டேன்.”

செல்லன் வீடு திரும்புவதற்கு மூன்றாவதாக ஒரு வழி திறந்திருக்கிறது என்று கான்ஸ்டன்ஸுக்குத் தெரிந்துவிட்டது. அதில் அவரை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

பரிசோதனை தொடங்கியது. ஹியூபர்ட் கேட்டார், அவள் தமிழில் கேட்டாள்.

“சாமி ஒங்ககிட்ட பேசுமா?”

“பேசும்ங்க.”

“காதுல கேக்குமா, மனசுல கேக்குமா?”

“காதுலதாங்க. மனசுக்குள்ள பேசுறதுக்குச் சாமி எதுக்குங்க? அத நானே பேசிக்குவேனே.”

“சோத்த யாரு திங்கிறது?”

“அவருதாங்க. காலைல பாத்தா எல காலியாக் கெடக்கும்.”

“காக்கா, நாயி தின்னுருக்கலாமே?”

“காக்கா ரூபத்துலயும் வருவாருங்க தொரை.”

ஹியூபர்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கேட்டாயா? இல்லாத குரல் காதில் கேட்கிறது. எதிர்ச்சான்றைக் காட்டினாலும் நம்பிக்கை அசையவில்லை. லண்டனில் என்றால் இத்தோடு பேனாவை மூடிவிடுவோம்.”

மதராஸில் கான்ஸ்டன்ஸுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே வேறு. ஒருவன் செய்வது பைத்தியமா என்று தெரிய வேண்டுமானால், முதலில் அவனோடு வாழ்கிற மூன்று பேரைக் கேள். அவர்களுக்கு அது சாதாரணமாகத் தெரிந்தால், உனக்கு விசித்திரமாகத் தெரிவது நோய் அல்ல, உன் அறியாமை.

“மூன்று பேரைக் கேளுங்கள், சார். அவர் கூடவே வாழ்கிறவர்களை.”

“நீ மொழிபெயர்க்க வந்தவள்.”

“எனக்குக் கையெழுத்துப் போடாவிட்டாலும் பரவாயில்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.”

ஹியூபர்ட் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பத்து மாதத்தில் முதல்முறையாக அவள் முகத்தை அப்போதுதான் கவனித்தார் போலிருந்தது. “சரி. நாளைக்கு அழைத்து வா. நீயே கேள். நான் உட்கார்ந்து பார்க்கிறேன்.”

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் பறந்துதான் போனாள். படித்த படிப்பைச் செய்யச் சொல்லி ஒருவர் வாய்திறந்து சொல்லிவிட்டாரே! சூசைமுத்துதான், “பாத்து செய்ம்மா” என்று மட்டும் சொன்னார். அவள் காதில் அது விழுந்ததோ இல்லையோ.

மறுநாள் தோட்டத்து லோரியில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். மண்டோர் நாராயணசாமி, பக்கத்து வீட்டுக் காளியம்மா, செல்லனின் மனைவி புஷ்பவள்ளி. கான்ஸ்டன்ஸ் வெளியே ஓடிவந்து அவர்களைப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ளதச் சொல்லுங்கண்ணே, அது போதும். யாரு மேலயும் கேஸு போட மாட்டேன்னு இன்ஸ்பெக்டரு வாக்குக் குடுத்திருக்காரு.”

“சரிங்க மிஸி, சரிங்க மிஸி” என்று மண்டோர் தலையை ஆட்டினார். தோட்டத்து ஜனங்கள் ஆஸ்பத்திரி உடுப்பில் இருக்கிற எந்தப் பெண்ணையும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். தூக்கி வளர்த்த குழந்தையானாலும் அப்படித்தான். அந்தத் தலையாட்டலுக்கும் ஓர் அர்த்தம் உண்டு. எதிரே நிற்கிறவர் பேசி முடிக்கட்டும் என்று அர்த்தம். டிரெஸ்ஸர் வீட்டுப் பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்காது. அன்றைக்கு மறந்துவிட்டாள். ஆழம் தெரியாமல் காலை விட்டாள் என்றால் மன்னிக்கலாம். அவள் நீந்திப் பழகின ஆற்றிலேயே அல்லவா விட்டாள்.

அறைக்குள் ஹியூபர்ட், பக்கத்தில் இன்ஸ்பெக்டர், வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர். ஓரத்து நாற்காலியில் செல்லன்.

“வெள்ளிக்கெழம முனியாண்டிக்குச் சோறு வெக்கிறது தோட்டத்து வழக்கந்தானேண்ணே?”

மண்டோர் துப்பாக்கியைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரின் தொப்பியைப் பார்த்தார்.

“எங்க தோட்டத்துலயா? அப்பிடி ஒன்னும் இல்லீங்களே மிஸி. கம்பிக்கு வெளிய ஒரு பருக்க போகக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுல்ல?”

“முறை வெச்சுப் போடுவீங்களேண்ணே!”

“அதெல்லாம் அந்தக் காலத்துல, லயம் அங்க இருந்தப்ப. இப்ப யாருங்க போறா?”

“அப்ப செல்லண்ணன்?”

“அவன் கிறுக்கன்ங்க. சின்னப் புள்ளைலேருந்தே அப்பிடித்தான். முனியாண்டி சத்தியமா.”

காளியம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். “மரத்துக்கிட்டல்லாம் பேசும் மிஸி அந்த ஆளு. நான் எத்தன தடவ பாத்திருக்கேன்!” இருட்டோடு எழுந்து தனியாக முந்நூறு மரத்தில் பால் வெட்டுகிற யார்தான் மரத்தோடு பேசுவதில்லை? காளியம்மா பேசுவது இரண்டு நிரை தள்ளிக் கேட்கும்.

புஷ்பவள்ளி அழுதாள். அழுதுகொண்டே, “ஆமா மிஸி, எம்புருசனுக்கு மூள சரியில்ல” என்று கான்ஸ்டன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பிடியில்தான் கான்ஸ்டன்ஸுக்கு எல்லாம் விளங்கியது. வழக்கம் என்று சொன்னால் நானும் செய்தேன் என்று சொன்னதாகிறது. போலீஸ் கொடுத்த வாக்கை நம்பிப் போலீஸ் முன்னாலேயே அதைச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? இந்தியாவைவிடப் பேராக் பக்கம் என்று அவர்கள் லோரியிலேயே பேசி முடிவு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மதராஸ் பாடத்தில் முள்கம்பி இல்லை. முள்கம்பியைப் பார்த்த தனக்காவது புத்தி வேலை செய்திருக்க வேண்டாமா என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

எல்லாவற்றையும் வரிக்கு வரி இங்கிலீஷில் சொன்னாள். ஹியூபர்ட் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியாக, நியாயமான மனிதர் என்பதால், செல்லனிடமும் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்.

“இவுங்க சொல்றது சரியாண்ணே? வேற யாரும் அங்க சோறு வெக்கிறதில்லையா?”

செல்லன் மண்டோரைப் பார்த்தார். மண்டோர் தரையைப் பார்த்தார். ‘அன்னிக்கு இவரு வீட்டு முறைதான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அறையே தலைகீழாகியிருக்கும்.

“இல்லீங்க தொரை,” என்றார் செல்லன். “நான் மட்டுந்தான்.”

அன்றைக்கு அந்த அறையில் பேசப்பட்டதில் புத்தி தெளிந்த பேச்சு அது ஒன்றுதான். கான்ஸ்டன்ஸ் அதையும் மொழிபெயர்த்தாள். போலீஸ் முன்னால் பொய் சொன்ன பிறகு உள்ளபடி விளக்கினால் லயமே போலீஸ் லோரியில் ஏற வேண்டியிருக்கும்; அதைத் தவிர்க்கத்தான் அந்த மனிதர் அப்படிச் சொன்னார். அவர் மூடின கதவைத் திறக்க அவள் யார்?

செல்லனைப் பேராக்குக்கு அனுப்ப எழுதியாயிற்று. தோட்டத்துக்குத் திரும்பும்போது புஷ்பவள்ளி அவள் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “கப்பலேத்தாமக் காப்பாத்திட்டீங்க மிஸி. நீங்க நல்லா இருப்பீங்க.” அதற்குப் பதில் கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் கான்ஸ்டன்ஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஹியூபர்ட் காரில் ஏறப்போனவர் நின்று திரும்பி வந்தார். “நல்ல முறை அது. மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. லண்டனில் எங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. குழுவுக்கு எழுதுகிறேன்.” மனசாரச் சொன்னார். அவள் வாயைத் திறந்தாள், புஷ்பவள்ளி ஏறின லோரி திருப்பத்தில் மறைவதைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

வருடம் முடிந்ததும் சொன்னபடியே எழுதினார். குழு கூடியது. கான்ஸ்டன்ஸின் டிப்ளோமா லண்டன் தகுதிக்குச் சமம் என்று ஒப்புக்கொண்டது. அவளுடைய விசாரணை முறை பாராட்டத்தக்கது என்று தனியாக ஒரு வரியும் சேர்த்திருந்தது. மேட்ரன் கேக் வாங்கி வந்து வெட்டினார்.

கோலாலம்பூரில் நல்ல வேலை தருகிறோம் என்றார்கள். அவள் பேராக் ஆஸ்பத்திரிக்குக் கேட்டாள்.

“டவுன்ல குடுக்குறாங்க, அத விட்டுட்டு எதுக்கும்மா அங்க போற?” என்றார் சூசைமுத்து.

“அங்க ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்குப்பா.”

இப்போது அவள் கையெழுத்து செல்லும். ஒருவரை உள்ளே வைக்கவும் செல்லும், வெளியே விடவும் செல்லும். அப்படியும் இடமாற்றம் வந்து, பொறுப்பு வந்து, செல்லன் அவள் மேசைக்கு முன்னால் வந்து உட்கார ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. ஆஸ்பத்திரித் தோட்டத்தில் கீரைப்பாத்தி அவர் பொறுப்பாம். எந்தப் பதில் வந்தாலும் வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்துதான் கான்ஸ்டன்ஸ் வந்திருந்தாள். ஆனாலும் கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

“முனியாண்டி பேசுறாராண்ணே?”

“இல்ல மிஸி.”

“அந்தச் சோத்த யாரு தின்னது?”

“காக்கா, நாயி, பன்னி. வேற யாரு திங்கப் போறா?”

யாரோ பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பேனாவைக் கீழே வைத்தாள். “பயப்படாதீங்கண்ணே. இங்க போலீசு இல்ல. எங்கிட்ட உள்ளதச் சொல்லலாம். நீங்க என்ன சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பிருவேன்.”

“உள்ளதத்தான் சொல்றேன் மிஸி.” செல்லன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். “அன்னிக்கு மண்டோரண்ணன் சத்தியம் வெச்சாரு. எம்பொண்டாட்டியும் சொன்னா. அவுங்க மேல எனக்குக் கோவம் ஒன்னும் கெடையாது. பயம். வேற என்ன செய்வாங்க, பாவம்? ஆனா சாமிக்கு என்ன பயம்? அவருக்குச் சோறு கொண்டுபோயித்தான நான் மாட்டுனேன்? அவரு பேரச் சொல்லி ஒரு பொய்ச் சத்தியம், அதுக்கும் சும்மா இருந்தாரு. இங்க வந்து ராத்திரி பகலாக் காது குடுத்துப் பாத்தேன் மிஸி. ஒரு வார்த்த இல்ல. அப்புறந்தான் புரிஞ்சுச்சு. அது கல்லுதான்.”

கான்ஸ்டன்ஸ் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு வளர்ந்தவள். முனியாண்டி அவளுக்கு எந்தக் காலத்திலும் சாமி இல்லை. ஆனாலும் இந்த மனிதருக்கு இருந்த ஒரே பேச்சுத்துணையை, நல்லது செய்கிறேன் என்று கிளம்பி, தான்தான் கொன்றுவிட்டோம் என்று நெஞ்சு கிடந்து தவித்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தாள். எதற்கு என்று அவர் கேட்டால் சொல்லத் தெரியாது.

பேனாவை எடுத்து, நோய் முற்றிலும் குணமாகிவிட்டது என்று எழுதினாள். லண்டன் அளவுகோலை வைத்துப் பார்த்தாலும், மதராஸ் அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் அதில் பிழை இல்லை. கீழே தன் பெயரையும் தகுதியையும் போட்டாள்.

செல்லன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

“பாஸா மிஸி?”

“பாஸ்ண்ணே,” என்றாள் கான்ஸ்டன்ஸ்.